நூற்றுப் பதினெட்டாம் பட்டை

மின்னலுக்கு நான் தர வேண்டியது எட்டாயிரத்து நானூற்று ஐம்பது. குடியிருக்கும் அறைக்கு முன்பணத்தை ஏற்றிவிட்டார் ஓனர். கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். மின்னல்தான் மகளின் பள்ளிக்கூடத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். மின்னல் என்பது நாங்கள் வைத்த பேர். தக்காளிக் கொடியில் அவள் விரல் ஓடுவதைப் பார்த்தவர்கள் வேறு பேர் சொல்ல மாட்டார்கள். என்னை ஆமை என்பார்கள். அதற்கும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் பண்ணையில் மண் கிடையாது. தெரு நீளத்துக்குக் கண்ணாடிக் கூடங்கள் மூன்று, பக்கத்தில் ஒரு நாற்று அறை. கூடத்துக்குள்ளே தேங்காய் நார் அடைத்த பைகள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு பையிலிருந்தும் தக்காளிக் கொடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஏறும். தண்ணீர் எவ்வளவு, உரம் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு என்பதெல்லாம் கம்ப்யூட்டர் பாடு. வெயில் ஏறினால் கூரைத் திரை தானாக இழுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் ஒரு கேமரா வண்டி ஊர்ந்து போய் ஒவ்வொரு இலையையும் படம் பிடிக்கும். எனக்குத் தலைவலி வந்தால் கேட்க நாதியில்லை. செடிக்கு வந்தால் ஆபீஸ் திரையில் சிவப்பு விழும்.

நாங்கள் பார்ப்பது கம்ப்யூட்டருக்குக் கை இல்லாததால் மிச்சமான வேலை. கொடியைக் கயிற்றில் சுற்ற வேண்டும், பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும், அடி இலையை அறுக்க வேண்டும். மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டை உண்டு. வரிசையின் தலைமாட்டில் உள்ள பெட்டியில் பட்டையைத் தொட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். யார், எந்த வரிசை, எவ்வளவு நேரம் என்று பதிந்துவிடும். கூலி ஆளுக்கு இல்லை, பட்டைக்கு. மின்னலின் பட்டை நூற்றுப் பதினெட்டு.

கடனை அடைக்க அவள்தான் வழி சொன்னாள். பகலில் அவளுக்கு மூன்றாம் கூடம், எனக்கு நாற்று அறை. நாலு மணிக்கு மேல் இரண்டாம் கூடத்தில் கூடுதல் வேலை இருக்கும், கூலியும் கூட. நாற்று அறை ஆளுக்கு அதைத் தரமாட்டார்கள், கூடத்து ஆளுக்குத்தான். ஆனால் நாலு மணிக்கு அவள் மகளைக் கூட்டிப் போகக் கிளம்பியாக வேண்டும்.

"அண்ணே, போகும்போது என் பட்டையைக் கழட்டித் தர்றேன். நீங்க போட்டுக்கிட்டு ரெண்டாம் கூடத்துல வேலை பாருங்க. காசு என் கணக்குல விழும். உங்க கடன் உப்பு மாதிரி கரைஞ்சிடும்."

"மாட்டிக்கிட்டா?"

"என்னத்தை மாட்ட? திருடவா போறோம்? கம்ப்யூட்டருக்கு வேண்டியது வேலை. அதுக்கு என் மூஞ்சியும் தெரியாது, உங்க மூஞ்சியும் தெரியாது. உங்களைத் தெரியாம இருக்கறதுல அதுக்கு ஒண்ணும் நஷ்டமும் இல்ல."

எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒருத்தி பட்டையை இன்னொருத்தி கட்டிக்கொள்வாள். சூப்பர்வைசருக்குத் தெரியும், வரிசை முடிந்தால் சரி என்று கண்டும் காணாமல் இருப்பார். சாயங்காலம் தோறும் மின்னலாக வேலை பார்த்தேன். கடனில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

தக்காளிக்கு ஒரு நோய் உண்டு. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. செடிக்கு வந்தால் இலை திட்டுத் திட்டாக வெளுத்துச் சுருங்கும், பழம் சொரசொரத்துப் போகும். காற்றில் வராது, கை வழியாகத்தான் வரும். தொட்ட கை, அறுத்த கத்தி, உரசின சட்டை. அதற்காக இரண்டு சட்டம். ஒரு வரிசை முடிந்ததும் பால் பவுடர் கரைத்த தொட்டியில் கையையும் கத்தியையும் முக்கி எடுக்க வேண்டும். பாலில் நனைந்தால் கிருமி ஒட்டாதாம். வீட்டில் டீக்குப் பாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறவள் என் சம்சாரம். நான் பாலில் கை கழுவுகிறேன் என்று சொன்னதும், "எந்த ஊர் ராசா நீங்க?" என்று கேட்டாள். இன்னொரு சட்டம், வெளித் தக்காளி வாசலைத் தாண்டக் கூடாது, சாப்பாட்டு டப்பாவில்கூட. இதெல்லாம் வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஐம்பது வயசுக்கு மேல் நான் எழுத்துக் கூட்டிப் பழகியது அந்தப் பலகையை வைத்துத்தான். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

சாயங்கால வேலைக்காக சம்சாரம் இரண்டாவதாக ஒரு டப்பா கட்டித் தருவாள். ஒரு நாள் திறந்தால் வெங்காயத்தோடு தக்காளியை வட்டம் வட்டமாக நறுக்கி வைத்திருந்தாள். சந்தையில் விலை விழுந்து கூறு கட்டி விற்றிருக்கிறார்கள். காலையிலிருந்து நின்ற கால், பசி வயிற்றைப் பிடுங்கியது. பம்ப் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து கையாலேயே தின்றேன். குழாயில் கையை அலம்பினேன். பால் தொட்டிக்குப் போனேன். காலியாக இருந்தது. புளித்து நாறும் என்று நாலு மணிக்கே கொட்டிவிடுவார்கள். புதுசாகக் கரைக்கப் பவுடர் அலமாரியில் பூட்டியிருந்தது. கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். நூற்றுப் பதினெட்டைப் பெட்டியில் தொட்டேன். கீச்.

அந்த வாரம் முழுக்க அதே கால்சட்டை, அதே கத்தி.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் இரண்டாம் கூடத்தின் வாசலில் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். கேமரா வண்டி எடுத்த படத்தில் ஐந்து வரிசை சிவப்பு. டாக்டரம்மா முழங்கால் போட்டு உட்கார்ந்து இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்றால் செடிக்கு டாக்டர், படித்துப் பட்டம் வாங்கியவர். இலையைச் சின்னப் பையில் நசுக்கி, அதில் ஒரு அட்டைக் குச்சியை விட்டார். ஒரு கோடு வந்தால் நல்லது, இரண்டு வந்தால் நோய். இரண்டு வந்தது.

நாற்று அறைக்குப் போய் வேலையில் குனிந்தேன். கைதான் வேலை பார்த்தது. காது முழுக்க வெளியே இருந்தது.

மத்தியானம் மின்னலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் பால் தொட்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தாள்.

"நோய் எந்த வரிசையில ஆரம்பிச்சு எந்த வரிசைக்குப் போச்சுன்னு கம்ப்யூட்டர் படம் போட்டுக் காட்டுது அண்ணே. நூத்திப் பதினெட்டு சாயங்காலம் எப்படி நடந்துச்சோ அப்படியே. அடி மாறாம."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். வெளித் தக்காளி கொண்டு வந்தியா, வீட்டுல செடி வச்சிருக்கியான்னு மேனேஜர் துருவித் துருவிக் கேட்டார். எங்க வீட்டுல வச்சிருக்கற ஒரே செடி பிளாஸ்டிக்னு சொன்னேன். சிரிக்கல."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னன்னு? நான் கொண்டு வந்தேன்னா?"

தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

"அடப் பாவி மனுஷா" என்றாள் மெதுவாக. பிறகு கணக்குப் பார்க்கிற குரலில் சொன்னாள்: "வாயைத் திறக்காதீங்க. சொன்னா பட்டை மாத்தினதுக்கு ரெண்டு பேரையும் அனுப்புவாங்க. சொல்லலைன்னா என்னை மட்டும்தான். நீங்க உள்ள இருந்தாத்தான் என் மிச்சப் பணம் எனக்கு வரும். ரெண்டு பேரும் வெளிய போனா யாரு யாருக்குக் குடுக்கறது?"

"உனக்கு வேற வேலை?"

"பக்கத்துல எந்தக் கண்ணாடிக் கூடத்துக்குப் போனாலும் முதல்ல இங்கதான் போன் போடுவாங்க. நோய் கொண்டு வந்தவன்னு சொன்னா எவன் உள்ள விடுவான்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முடிவு திங்கக்கிழமை சொல்றாங்களாம். அது வரைக்கும் பேசாம இருங்க."

வீட்டில் சம்சாரத்திடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"நறுக்கினது நான்தானே. நீங்க சொன்னதை மறந்துட்டேன். வெளியில உட்கார்ந்து சாப்பிடுவீங்கன்னு நெனச்சேன்." மறுபடி கரண்டியை எடுத்து, "உங்க கையாலதான்னு யாரு கண்டா? அங்க வேற யார் கையும் இல்லையா?" என்றாள்.

"இருக்கலாம்."

"அப்ப?"

"அப்பன்னா என்ன? அவ கை இல்லன்னு எனக்குத் தெரியும்."

"அவ போனா அவ பிள்ளை படிப்பு. நீங்க போனா இந்த அறை. முன்பணம் குடுத்து ரெண்டு மாசம்கூட ஆகல." தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. என்னை எதுவும் கேட்காதீங்க. நான் எதைச் சொன்னாலும் அது தப்பாத்தான் போகும்."

தட்டை மூடி வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா நாற்று அறைக்கு வந்தார். தட்டுத் தட்டாக நாற்றுகள் பச்சைப்பசேல் என்று நின்றன. அடுத்த நடவுக்கு எல்லாக் கூடத்துக்கும் இங்கிருந்துதான் போகும். நான் அவற்றின் நுனியைக் கிள்ளி, குச்சியோடு சேர்த்துக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது. எதிலும் ஒரு திட்டு இல்லை.

"இந்த வேலையைச் சீக்கிரம் முடிச்சிடுங்க" என்றார். "திங்கட்கிழமை மூணாம் கூடத்தை முழுசா பிடுங்கிப் போடறோம். கழுவிட்டு இந்த நாற்றை அங்க நடணும்."

"மூணாம் கூடத்துலயும் நோயா?"

"இன்னும் தெரியல. இந்த நோய் உள்ள இருந்தும் சில வாரம் வெளிய காட்டாது. ஆனா அந்தம்மாவோட பட்டை பகல் முழுக்க மூணாம் கூடத்துலதான் இருந்திருக்கு. அதே கை, அதே கத்தி. காய்க்கிற செடிதான், வயிறு எரியுது. வேற வழியில்லை."

நான் கையிலிருந்த நாற்றைத் தட்டில் வைத்தேன். "இந்த நாற்று?"

"இது சுத்தம். நூற்றுப் பதினெட்டு இந்தப் பக்கமே வரலை. அதனால இதைச் சோதிக்கல. கடவுள் புண்ணியம்."

அவர் கதவுப் பக்கம் போய்விட்டார். அந்தக் கத்தி என் பைக்குள் இருந்தது. சாயங்காலம் இரண்டாம் கூடத்தில் அறுத்த அதே கத்தி, காலையில் இங்கே கிள்ளிய அதே விரல். நல்ல செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நோய்ப்பட்ட நாற்றை நடப் போகிறார்கள். நட்டபிறகு எல்லாரும் தொடுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் யார் யார் பட்டையைக் காட்டுமோ.

"டாக்டரம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

திரும்பினார்.

"சாயங்காலம் அந்தப் பட்டையில இருந்தது நான்."

"என்ன சொல்றீங்க?"

"நாலு மணிக்கு அவ வீட்டுக்குப் போயிடுவா. பட்டையை நான் கட்டிப்பேன். ரெண்டாம் கூடத்துல வேலை பார்த்தது என் கை. பகல்ல நான் இங்கதான். மூணாம் கூடத்துல கால் வச்சதே இல்ல." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன். "ஒரு நாள் தக்காளி தின்னேன். தொட்டியில பால் இல்ல. அப்படியே உள்ள போயிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார்.

"எந்தத் தட்டு முதல்ல?"

"ஜன்னல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பேன்."

அங்கேயே உட்கார்ந்து இலை கிள்ளினார். பல செடியின் இலையைச் சேர்த்து ஒரே பையில் நசுக்கினார். குச்சியை விட்டார். நீர் மெதுவாக மேலே ஏறியது. ஒரு கோடு வந்தது. நான் மனசுக்குள் நில்லு நில்லு என்றேன். இரண்டாவது கோடு மங்கலாக, பென்சிலால் கிழித்த மாதிரி வந்தது.

"கையை எடுங்க. எதையும் தொடாதீங்க" என்றார். போனை எடுத்தார். "திங்கட்கிழமை இதை நட்டிருப்போம்."

மேனேஜர் அறையில் எங்கள் இருவரையும் நிறுத்தினார்கள். மின்னல் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும்.

"பட்டை மாத்தினா வேலை நீக்கம். ரெண்டு பேருக்கும்தான். சட்டம் அதுதான்" என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "சார், இந்தம்மா பகல்ல மட்டும்தான் இருந்திருக்காங்க. ரெண்டாம் கூடத்துப் பக்கமே போகல. அப்ப மூணாம் கூடத்தைப் பிடுங்க வேண்டாம். சோதிச்சுப் பார்த்துட்டே அறுவடை பண்ணலாம். இவர் சொல்லலைன்னா அதுவும் போயிருக்கும். அப்புறம், நாலு மணிக்கு மேல ஆளை உள்ள விட்டுட்டுப் பாலை ஏன் கொட்டறாங்கன்னு நான் போன தடவையே எழுதிக் குடுத்தேன்."

மேனேஜர் அதைக் காதில் வாங்காதது போல மூக்கைச் சொறிந்தார். மூன்றாம் கூடம் நிற்கிறது என்றால் அறுவடைக்கு ஆள் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தாலும் மின்னலுக்கு ஈடாகாது. அது அவருக்கும் தெரியும்.

"சரி, நீ இரும்மா. ஆனா வேலை பார்க்காத நேரத்துக்குக் கூலி வாங்கியிருக்கே. நாலு மணிக்கு மேல அந்தப் பட்டையில விழுந்தது அத்தனையும் சம்பளத்துல பிடிப்போம்."

"சார், அந்த வேலையை நான் செஞ்சேனே" என்றேன்.

"யார் சொன்னா? கம்ப்யூட்டர்ல உன் பேர் இல்லையே."

"நோய்க்கு மட்டும் இருக்கா சார்?"

"வாய் பேசாதே. கணக்கு முடிச்சு வாங்கிட்டுப் போ. இனிமே எந்தக் கண்ணாடிக் கூடத்துலயும் கால் வைக்க முடியாது, தெரிஞ்சுக்கோ."

வெளியே வந்ததும் மின்னல் பிடித்துக்கொண்டாள். "யாரைக் கேட்டு வாயைத் திறந்தீங்க? பேசாம இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"நாற்றை நடப் போறாங்கம்மா."

"நட்டா நடட்டும். அவங்க நாற்று, அவங்க கூடம். உங்களுக்கென்ன?" சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இத்தனை சாயங்காலம் அடைச்சதெல்லாம் போச்சு. என் சம்பளத்துல பிடிச்சா கடன் மறுபடி முழுசா நிக்குது. பழைய எட்டாயிரத்து நானூத்தி ஐம்பது. அதாவது தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது."

"எப்படிக் குடுப்பீங்க?"

கணக்கு முடிக்கும் ஜன்னலில் நிற்க வைத்தார்கள். பக்கத்துக் கண்ணாடி வழியாக நாற்று அறை தெரிந்தது. வெள்ளை உடை போட்ட ஆட்கள் தட்டுத் தட்டாக நாற்றைக் கறுப்புப் பையில் போட்டு வாயைக் கட்டினார்கள். ஒரே ஒரு திட்டு இல்லாத பச்சை இலைகள். நேற்று வரைக்கும் நான் குச்சியில் மாட்டியவை. என் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கு உள்ளது, சேரும்போது பிடித்த வைப்புத் தொகை எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து நூற்று ஐம்பது.

நாலு மணிக்கு வெளி வாசலில் நின்றேன். மின்னல் வந்தாள், பின்னால் சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று ஒரு தரம் திரும்பினாள். பணத்தை அப்படியே நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று ஓர் ஓரத்தில் நினைத்தேன், சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் கெடு வைத்திருந்தார்கள்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"முந்நூறு குறையுது."

"தெரியும்மா. எப்படியாவது..."

"வாடகைக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல. சம்சாரம் ஒரு துணிக்கடையில கேட்டிருக்கா."

"நீங்க?"

"மண்ணுல விவசாயம் பண்றவங்க யாராவது இருந்தா போய்க் கேக்கணும். அங்க பட்டை இருக்காது."

"அங்கயும் வந்துடுச்சுண்ணே" என்றாள். "மேல ட்ரோன் பறக்க விட்டுப் படம் பிடிக்கறாங்களாம்."

மூன்றாம் கூடத்தில் இன்னும் சோதனை நடந்துகொண்டிருந்தது. அவள் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போனது. அங்கே இரண்டு கோடு வந்தால் இந்த வாசலில் நாளைக்கு அவள் நிற்க வேண்டியிருக்கும்.

"நேரமாச்சு, பிள்ளை காத்திருக்கும்" என்று பணத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். இரண்டு அடி போய்த் திரும்பினாள்.

"அந்த முந்நூறை விட்டுடுங்க."

"இல்லம்மா, நான்..."

"விட்டுடுங்கன்னா விட்டுடுங்க. அதுக்காக இங்க வந்து நின்னு என்னையும் மாட்டி விடாதீங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. விறுவிறுவென்று போய்விட்டாள்.

அதோடு எங்கள் கணக்குத் தீர்ந்தது.